தராசு எதற்காக?

நாச்சியாபுரத்துத் தெருக்களிலே நடந்து செல்வோர் நெடிய மதில்களைக் காண்பர். பூட்டிக் கிடக்கும் தேக்குக் கதவுகளைக் காண்பர். அந்த வீடுகளை எழுப்பிய பணம் கழனியிலே விளைந்ததன்று, வட்டியிலே விளைந்தது. இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் கடைகளின் கணக்கெல்லாம் காரைக்குடி வட்டாரத்து ஊர்களிலேதான் வந்து முடிந்தது. பேரேடு இருந்தது, ஐந்தொகை இருந்தது, உண்டியல் இருந்தது. கடன் கேட்டு வருபவன் யார், நிலம் எவ்வளவு, முன்பு வாங்கியதைத் தவணை தவறாமல் திருப்பினானா என்று ஆராயாமல் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். அதைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். கடன் கொடுப்பவன் கொடுத்ததைத் திரும்பப் பெற நினைப்பவன். அவன் ஆராயத்தான் வேண்டும்.

ஆனால் அதே கடையிலே இன்னொரு கணக்கும் இருந்தது. அதற்கு மகமை என்று பெயர். ஆதாயத்திலே ஒரு பங்கை அறத்திற்கென எடுத்து வைக்கும் கணக்கு அது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கோபுரங்களுக்குப் போனது பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. நாம் காட்ட விரும்புவது ஒன்றே: இரண்டு கணக்கும் ஒரே கடையில் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று கலக்கப்படவில்லை. சத்திரத்து வாயிலிலே சோற்றுக்கு நின்றவனிடம், உன் நிலப்பத்திரம் எங்கே, உன் பழைய பாக்கி எங்கே என்று எவரும் கேட்டதில்லை. சாதியைக் கேட்டதுண்டு; அது வேறொரு வெட்கம்.

இந்தப் பழைய பேரேட்டை இப்போது புரட்டுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. உலகத்தின் பெரிய பெரிய பணப்பெட்டிகளைக் காப்பவர்கள் இன்று அந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். ஏழை நாடுகளுக்கு உதவி என்று சொல்கிறார்கள்; ஆனால் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும்போது கடைக்காரனின் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்கள். நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் கூடினால் உதவி கூடும், குறைந்தால் உதவி குறையும். இதற்குச் செயற்பாட்டு அடிப்படையிலான ஒதுக்கீடு என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

கற்பனையாகப் பேசவில்லை, தோழர்களே. 1960இல் உலக வங்கியின் ஓர் அங்கமாகத் தோன்றியது ஐ.டி.ஏ. எனப்படும் அனைத்துலக வளர்ச்சிக் கழகம். மிக ஏழ்மைப்பட்ட நாடுகளுக்கு எளிய நிபந்தனையிலே கடனும், மானியமும் தருவது அதன் பணி. பல ஆண்டுகள் அதனிடம் மிகுதியாகப் பெற்ற நாடு இந்தியாதான். 2014இல்தான் அந்த வரிசையிலிருந்து வெளியேறிற்று. அக்கழகம் ஏழை நாடுகளை ஆண்டுதோறும் 16 அளவுகோல்களால் அளக்கிறது. பொருளாதார நிர்வாகம், வணிக நிதிக் கொள்கைகள், சமுதாயச் சமத்துவம், அரசு இயந்திரத்தின் நேர்மை என்று நான்கு தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். போடுபவர்கள் வங்கியின் சொந்த அலுவலர்கள். 2005ஆம் ஆண்டுக்கான மதிப்பெண்களைத்தான் முதன்முதலாக முழுமையாக ஊரறிய வெளியிட்டார்கள். அதற்கு முன் தனக்கு என்ன மதிப்பெண் என்பது தேர்வு எழுதியவனின் ஊராருக்கே தெரியாது.

மதிப்பெண்ணைப் பணமாக மாற்றும் வாய்பாடு இருக்கிறதே, அதைத்தான் நம் இளைஞர்கள் பார்க்க வேண்டும். பகுத்தறிவாளருக்குக் கணக்கு அச்சந்தரக் கூடாது. 2010ஆம் ஆண்டு வாக்கில் நடப்பிலிருந்த வாய்பாட்டின்படி, ஒரு நாட்டின் செயற்பாட்டு மதிப்பெண்ணை ஐந்து முறை அடுக்கிப் பெருக்கினார்கள். ஒரு நாட்டுக்கு 4, மற்றொன்றுக்கு 3 என்று கொள்வோம். நான்கை ஐந்து முறை அடுக்கினால் 1024. மூன்றை அடுக்கினால் 243. ஒரே ஒரு மதிப்பெண் வேறுபாடு, ஆனால் ஒதுக்கீட்டிலே நான்கு மடங்குக்கு மேல் ஏற்றத்தாழ்வு! ஏழ்மைக்கு என்ன எடை கொடுத்தார்கள்? ஒரு நாட்டின் தலைவீத வருமானம் இன்னொரு நாட்டினதில் சரிபாதி என்றால், அந்த வறுமையின் பொருட்டுக் கூடுதலாகக் கிடைப்பது நூற்றுக்கு 9 மட்டுமே. குரலெழுந்த பிறகு ஐந்தடுக்கை நான்காக்கினார்கள். 2017இல் தொடங்கிய காலகட்டத்திலே மூன்றாக்கினார்கள். போரால் சிதைந்த நாடுகளுக்கென்று சில விதிவிலக்குகளையும் வைத்தார்கள். அடுக்கைக் குறைத்தார்கள் என்பதே முன்பு மிகையாக இருந்தது என்பதற்கு அவர்கள் தந்த சான்று.

எதிர்த்தரப்பின் வாதத்தை மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று. அவர்கள் சொல்வதிலே உண்மை இருக்கிறது. சிறிதளவன்று, பெரிதளவே இருக்கிறது. 1965 முதல் 1997 வரை மொபுட்டு என்ற மனிதன் காங்கோவை, தான் ஜயர் என்று பெயரிட்ட அந்த நாட்டை, ஆண்டான். வெளிநாட்டுப் பணம் ஆண்டாண்டாக அங்கே பாய்ந்தது. அவன் அரண்மனை கட்டினான். மக்களுக்கு மிஞ்சியது கடன். ஏழ்மையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டினால் கொட்டிய பணம் கொள்ளையர் கைக்குத்தானே போகும்? அளவுகோல் வேண்டாமா? வேண்டும் என்றுதான் நாமும் சொல்வோம். ஆனால் மொபுட்டுவுக்குப் பணம் கிடைத்தது அவன் நாட்டு மக்கள் ஏழைகள் என்பதாலா? இல்லை. பனிப்போரிலே அவன் மேற்கு நாடுகளின் பக்கம் நின்றான் என்பதால். தேவையை அளந்தும் கொடுக்கவில்லை, தகுதியை அளந்தும் கொடுக்கவில்லை. அவனைக் காட்டித் தேவையைக் குறை சொல்வது பொருந்தாது.

இன்னொரு சான்றும் காட்டுவார்கள். பர்ன்சைட், டாலர் என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல கொள்கையுடைய நாடுகளிலேதான் உதவி வளர்ச்சி தருகிறது என்பது அதன் முடிவு. அதைக் கையிலேந்திக்கொண்டு உலகமெங்கும் பேசினார்கள். 2004இல் ஈஸ்டர்லி, லெவின், ரூட்மன் மூவரும் அதே முறையிலே, கூடுதலான ஆண்டுகளின், கூடுதலான நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு நிற்கவில்லை. முதல் ஆய்வு வந்த அதே ஆய்விதழிலேதான் மறுப்பும் வந்தது. அறிவியலின் நேர்மை அது. வாய்பாடு மட்டும் எடுக்கப்படாமல் இருந்தது.

சரி, அளவுகோல் ஒழுங்காகவே அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் கேள்வி தீராது. மதிப்பெண் குறைவது யாருக்கு, தண்டனை யாருக்கு? அமைச்சன் திருடினான், அதிகாரி உறங்கினான், ஆகவே மதிப்பெண் 3 ஆயிற்று. உதவி குறைந்தது. அந்த அமைச்சன் வீட்டில் அடுப்பு அணையுமா? ஊசிமருந்து வராமற்போவது எந்த ஊர் மருத்துவமனைக்கு? தாழ்ந்த மதிப்பெண் பெற்ற நாட்டிலே பிறந்த குழந்தை, கெட்ட ஆட்சியிடம் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டது. இரண்டாம் முறை நாம் அடிக்கிறோம், அதுவும் அந்த ஆட்சியைத் திருத்துவதற்காக! தகப்பன் குடிகாரன் என்பதற்காகப் பிள்ளையைப் பந்தியிலிருந்து எழுப்பும் நீதி இது.

இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. தகுதி, திறமை என்ற இரு சொற்களும் நம் காதுகளிலே நெடுங்காலம் ஒலித்தவை. வகுப்புவாரி உரிமை கேட்டபோது சொன்னார்கள். 1950இல் அந்த ஆணை நீதிமன்றத்தின் முன் நின்றபோது சொன்னார்கள். 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்த பின்னும் சொன்னார்கள். தகுதியை மதிக்க வேண்டாம் என்று நாம் என்றும் சொன்னதில்லை. தகுதி பெறும் வாய்ப்பையே பூட்டி வைத்துவிட்டு, வாயிலில் நின்றுகொண்டு, தகுதிச் சீட்டு எங்கே என்று கேட்காதே என்றுதான் சொன்னோம். நல்ல நிர்வாகம் என்பது படித்த எழுத்தர்களாலும், சம்பளம் ஒழுங்காகப் பெறும் ஆசிரியர்களாலும், கணக்கு எழுதத் தெரிந்த ஊராட்சிகளாலும் வருவது. அவர்களை உருவாக்கத்தான் உதவியே வேண்டியிருக்கிறது. நீந்தக் கற்ற பின்புதான் தண்ணீரில் இறங்கலாம் என்பது போன்ற சட்டம் எவனைக் கரையேற்றும்?

நம் மண்ணிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். 1862இல் இங்கிலாந்திலே பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை வந்தது. அதே பத்தாண்டிலே அது சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறியது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார், படித்துக் காட்டியவன், எழுதிக் காட்டியவன், கணக்குப் போட்டவன் என்று எண்ணுவார், எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம். விளைவு என்ன? தேறக்கூடியவனைத் தேய்த்துத் தேய்த்துக் கற்பித்தல்; தேறாதவனைக் கடைசி வரிசையிலே கிடத்துதல். தலைமுறை தலைமுறையாக ஏடு புரண்ட வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்குப் பணம் சேரும். முதல் எழுத்தை முதன்முதல் காணும் பிள்ளைகளின் பள்ளிக்குச் சேராது. இங்கிலாந்தே அதை 1890களில் கைவிட்டது.

அதற்கு மறுபக்கம் பாருங்கள். 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு தரத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கியதால் உணவு தரவில்லை. உணவு இல்லாததால் பள்ளிக்கு வரவில்லை என்பது கண்டு தந்தார்கள். 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனபோதும் அப்படியே.

இதனால் நாம் தராசுக்குப் பகைவர் என்று எண்ணிவிடாதீர்கள். தராசு இல்லாத உதவி மூடநம்பிக்கைக்குச் சமம். 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. பணம் உலக வங்கியின் கடனுதவி. அந்தத் திட்டத்திலே ஊர்தோறும் ஒரு தராசு வைத்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறவேண்டிய அளவு ஏறாத குழந்தை எது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைக்குத்தான் சத்துணவு; தேறும்வரை உணவு; தேறிய பின் நிறுத்தம், மறுபடி இளைத்தால் மறுபடி உணவு. கண்டிப்பான அளவை, கறாரான கணக்கு. ஆனால் தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்தால் உணவு என்பதிலேதான் வேறுபாடு. இளைத்தவனைக் கண்டுபிடிக்க வைத்த தராசு அது. கொழுத்தவனுக்குப் பரிசளிக்க வைத்ததன்று. ஒரே வங்கிதான், ஒரு கையால் இந்தத் திட்டத்துக்குப் பணம் தந்தது, மறு கையால் ஐந்தடுக்கு வாய்பாட்டை எழுதிற்று.

அளப்பவன் கையைப் பற்றியும் கேட்க வேண்டும். அதே உலக வங்கி, தொழில் நடத்துவது எந்த நாட்டில் எளிது என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிட்டு வந்தது. 2015ஆம் ஆண்டு அறிக்கையில் 142ஆம் இடத்திலிருந்த இந்தியா 2020ஆம் ஆண்டு அறிக்கையில் 63ஆம் இடத்துக்கு வந்தது. இங்கே பட்டாசு வெடித்தார்கள். அந்தப் பட்டியலுக்காக இந்தியா என்று அளக்கப்பட்டவை எவை? டில்லியும் மும்பையும், இரண்டே நகரங்கள். நாச்சியாபுரத்திலே மாவரைக்கும் ஆலை வைக்க நினைப்பவன் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பதை அந்த எண் அறியாது. பின்னர் 2018, 2020 அறிக்கைகளிலே சில நாடுகளின் எண்கள் முறைகேடாகத் திருத்தப்பட்டது வெளியாயிற்று; சீனாவின் எண்ணும், சவுதி அரேபியாவின் எண்ணும் அவற்றுள் அடக்கம். 2021 செப்டம்பரிலே அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். பெரிய பங்குதாரனின் எண் வளைகிறது. மலாவியின் எண்ணை வளைக்க மலாவிக்குக் கை ஏது?

அமெரிக்கா 2004இல் எம்.சி.சி. என்ற மிலேனியம் சவால் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஏழை நாடுகளைக் குறியீடுகளால் தேர்ந்து, தேறியவற்றுக்கே பெருந்தொகை தருவது அதன் வழி. அதிலே பெரும்பாலான குறியீடுகளில், ஒத்த வருமானமுள்ள நாடுகளின் வரிசையிலே நடுவிலிருக்கும் நாட்டைவிட மேலே இருந்தால் தேர்ச்சி. ஊழல் கட்டுப்பாட்டில் அந்த நடுவைத் தாண்டாவிட்டால் மற்றவை எப்படியிருந்தாலும் பொதுவாகத் தோல்விதான். இதன் பொருள் என்ன? எல்லா நாடுகளும் ஒருசேர ஊழலைப் பாதியாகக் குறைத்தாலும் பாதி நாடுகள் தோற்றே தீரும்! வகுப்பில் எல்லாரும் நன்றாகப் படித்தாலும் பாதிப் பேரைத் தோற்கடிக்கும் ஆசிரியரை என்ன பெயரிட்டு அழைப்பீர்கள்?

அந்தத் தேர்விலே 2016இல் தேறிய நாடுகளுள் ஒன்று இலங்கை. 48 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 2019இல் நிறுவனம் ஒப்புதல் தந்தது. தேறியதற்கு அடுத்த ஆண்டு, 2017 பிப்ரவரியிலே, கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவோரம் அமர்ந்தார்கள், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி. நாட்டுக்கு ஒரே மதிப்பெண் போடும்போது அதிலே கிளிநொச்சியின் பங்கு எவ்வளவு, கொழும்பின் பங்கு எவ்வளவு? சராசரி என்பது பெரும்பான்மையின் முகம். சிறுபான்மையின் கண்ணீர் அதிலே கரைந்து காணாமற்போகும். பின்னர் கொழும்பிலே எதிர்ப்பு மூண்டது, அரசு இழுத்தடித்தது, 2020 டிசம்பரில் அமெரிக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டது. அந்தத் தாய்மார்கள் இந்தக் கதையின் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை.

2025 சனவரியிலே அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. சூலை முதல் நாள் யு.எஸ்.எய்ட் என்ற அறுபதாண்டு கண்ட நிறுவனம் இல்லாமலே போயிற்று. எந்தக் குறியீட்டைப் பார்த்து அதைச் செய்தார்கள்? நல்ல மதிப்பெண் பெற்ற நாட்டு மருந்தகத்திலும் பூட்டு, மோசமான மதிப்பெண் பெற்ற நாட்டு மருந்தகத்திலும் பூட்டு. அளவுகோல் கொடுக்கும்போது மட்டும் வெளியே வந்தது. எடுக்கும்போது மேசைக்குள்ளேயே கிடந்தது.

இவ்வளவு பேசிய பிறகு நம் வீட்டுக் கணக்கை மறைத்தால் நாம் நேர்மையற்றவர் ஆவோம். 1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி. 2011இல் 7.21 கோடி. இந்திய மக்கள்தொகையில் நம் பங்கு நூற்றுக்கு ஏழரையிலிருந்து ஆறளவுக்கு இறங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டை வற்புறுத்திய அரசு 1976இல் என்ன செய்தது? மக்களவை இடங்களுக்கு 1971ஆம் ஆண்டுக் கணக்கே நிலைக்கும் என்று சட்டத்திருத்தம் செய்தது. நிதிப் பங்கீட்டிலும் அந்த ஆண்டுக் கணக்கே நெடுங்காலம் நின்றது. பிறகு பதினைந்தாவது நிதிக்குழு 2011ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டது. ஈடாக, மக்கள்தொகைச் செயற்பாட்டுக்கென்று நூற்றுக்கு 12.5 எடை கொடுத்தது. வருமானக் குறைவுக்கு 45. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079. பீகாருக்கு 10.058.

நாம் முழங்கினோம்: நன்றாகச் செயற்பட்டவனைத் தண்டிக்கலாமா என்று. இப்போது உலக வங்கியின் குரலையும் நம் குரலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒத்து ஒலிக்கவில்லையா? மலாவிக்குத் தேவை என்று பேசும் வாய், பீகார் என்றதும் தகுதி என்று பேசலாமா?

நம் முறையீட்டிலே இரண்டு பொருள் கலந்து கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தின் நடுவே கோட்டை மாற்றாதே என்பது ஒன்று. அது நியாயம், ஒரு வாக்கை நம்பி ஒழுகியவனுக்கு அந்த வாக்கைக் காக்க வேண்டும். வரி ஈட்டித் தரும் மாநிலத்துக்கு அந்த வரியை எப்படிப் பங்கிடுவது என்று பேசும் மேசையிலே முழு இடம் வேண்டும் என்பதும் அதைச் சேர்ந்ததே. பீகாரின் ஆட்சி தவறியது, ஆகவே பீகாரின் பிள்ளைக்குப் பங்கு குறையட்டும் என்பது மற்றொன்று. மேடையிலே கைதட்டல் கிடைக்கிறது என்பதற்காக முதலாவதோடு இரண்டாவதையும் சேர்த்துப் பேசுகிறோம். 45க்கு எதிராகப் பேசும்போது, எவரும் கேட்காவிட்டாலும், 1920இன் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கு எதிராகவும் பேசுகிறோம். பீகாருக்குப் போகும் பணம் பாட்னாவின் அலுவலகங்களிலே ஆவியாகாமல் பள்ளி வரை போகிறதா என்று கேட்பது வேறு. அதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எந்த வழியாகக் கொடுப்பது, யார் கையிலே கொடுப்பது, ஊரார் கணக்குப் பார்க்க வழி உண்டா என்றெல்லாம் அளவுகோல்கள் அங்கே பேசட்டும்.

வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டின் கட்டட வேலைகளிலெல்லாம் செங்கல் சுமக்கிறார்கள். செட்டிநாட்டிலே பழுது பார்க்கும் மாளிகை ஒன்றின் சாரத்தின் மேலும் அப்படியொருவன் நிற்கக்கூடும். நாச்சியாபுரத்து இளைஞர் மன்றத்திலே நிதிப்பங்கீடு பற்றி அடுத்த கூட்டம் போடும் தோழர்கள், கூட்டத்துக்கு முன் அவனைக் கண்டு ஒரு கேள்வி கேட்கட்டும்: ஊரிலே உன் தம்பி எந்தப் பள்ளியில் படிக்கிறான், பகலில் என்ன உண்கிறான்? விடையைக் கேட்டுக்கொண்ட பின் 4.079 பற்றி உரக்கவே பேசலாம். நாமும் உடன் பேசுவோம்.